பிரித்தலும் சேர்த்தலும்

ஒரு பொருளை அறிதல் இரு திறத்தது. அதன் பெயரையும் பயனையும் தெரிந்து கையாளுதல் ஒன்று. அதன் உறுப்புக்களை வேறு பிரித்து, ஒவ்வோருறுப்பும் மற்றையதோடு எவ்வாறு இயைந்து நின்று அப்பயனைத் தருகின்றது எனக் காணுதல் மற்றொன்று. முன்னையது பழக்கத்தால் வருவது. பின்னையது முயற்சியால் வருவது. தமிழ் இலக்கணம் பயிலும் மாணாக்கன் இவ்விரண்டினையும் இளமையிலேயே பழகிக்கொள்கின்றான். ‘நடந்தான்’ என்னுஞ் சொல்லை ஐந்து வயதுக் குழந்தையும் பிழையறச் சொல்லும். ஆயினும், பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூலார் வகுத்த ஆறு உறுப்புக்களுள் அச்சொல்லின்கண் எவை உள எனப் பிரித்துக் காட்டவும், காட்டியபின் அவற்றை மீளச் சேர்த்து அதே சொல்லாக்கவும் வல்லவனே அச்சொல்லை உள்ளவாறு அறிந்தவனாவான்.

இவ்வறிவுமுறை சொல்லோடு நின்றுவிட வேண்டியதன்று. நம் வீடுகளில் மின்விசிறி உண்டு; வானொலி உண்டு; தையல் இயந்திரம் உண்டு; கமரா உண்டு. இவை யாவற்றையும் பயன்படுத்துகின்றோம். பழுதுற்ற அன்றோ, மூலையில் வைத்துவிட்டுப் புதியது வாங்கப் பணந் தேடுகின்றோம். அவற்றின் உள்ளே என்ன இருக்கின்றது என்னும் வினாவே நம்முள் எழுவதில்லை. இக்குறையை எடுத்துக்காட்டுதற்கு ஒரு சிறு கருவியை ஈண்டுத் தெரிந்துகொள்கின்றேன். அது கமராவின் சூம் வில்லை. அதனை வீட்டிலே பிரித்துத் திருத்தலாமா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

பண்டிதருக்கும் கமராவிற்கும் யாது தொடர்பு என நகுவாரும் உளராகலாம். கண்டியில் வாழ்வோருக்கு இத்தொடர்பு புதியதன்று. யோசப் லோற்றன் என்னும் ஒளிப்படக் கலைஞர் 1860களின் பிற்பகுதியில் இந்நகரிலிருந்தே தொழில் நடத்தினார். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் பழஞ் சின்னங்களைத் தொல்பொருட் குழுவினருக்காகப் படமெடுத்தவரும் அவரே. அவரை அடுத்துச் சாள்ஸ் ஸ்கோவன் என்பவரும் 1876ஆம் ஆண்டளவில் இங்கே படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்தார். அக்காலத்திற் கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தைப் பூசி, அஃது உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியும் முடித்தல் வேண்டும். ஏறக்குறையக் கால் மணி நேரத்துள் இவையனைத்தும் நிகழ்தல் வேண்டும். காட்டு வழியே கூடாரத்தையும் மருந்துப் போத்தல்களையுஞ் சுமந்து சென்ற அவர்களுக்குத் தங் கருவியின் ஓருறுப்பேனும் மறைபொருளாயிருந்திராது. ஆணி தளர்ந்தால் அதனை முடுக்குதற்கு அடுத்த ஊரிற் கடை இருக்கவில்லையன்றோ!

இன்று நிலை வேறு. எசல பெரஹரா இரவிற் புறப்படும்போது வீதியோரத்தில் நின்று எத்தனையோ பேர் கமராவை உயர்த்துகின்றனர். தொலைவில் வரும் யானையை அண்மையிற் காட்டவும், அருகில் நிற்கும் தீவட்டியாளரையுஞ் சூழலையும் ஒருங்கே அடக்கவும் ஒரே வில்லை உதவுகின்றது. உதவுகின்றது என்பது தெரியும். எவ்வாறு என்பது அவருள் மிகச் சிலருக்கே தெரியும்.

அதனைச் சிறிது விளக்குவாம். வில்லையொன்று ஒளிக்கதிர்களைக் குவிக்கும் இடத்திற்கும் அவ்வில்லைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குவியத்தூரம் எனப் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். குவியத்தூரம் குறுகினால் அகன்ற காட்சி கிடைக்கும். நீண்டால் தொலைப்பொருள் அண்மித்துத் தோன்றும். ஒரே குழலுள் பல வில்லைகளைத் தொகுதி தொகுதியாக அடுக்கி, அத்தொகுதிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை மாற்றுவதாற் குவியத்தூரத்தை மாற்றும் அமைப்பே சூம் வில்லையாகும். திரைப்படக் கருவிக்கென இங்கிலாந்தில் 1932ஆம் ஆண்டில் இத்தகையதொன்று விற்பனைக்கு வந்தது. 35 மில்லிமீற்றர்ச் சுருள் பயன்படுத்தும் கமராவிற்கென 1959ஆம் ஆண்டில் ‘சூமார்’ என்னும் வில்லை வந்தது. அதன் குவியத்தூரம் 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை மாறத்தக்கது.

இவ்வில்லையின் உள்ளமைப்பு வியக்கத்தக்க எளிமையுடையது. அசையாத குழல் ஒன்றில் நேர்க்கோடாக வெட்டிய தவாளிப்புக்கள் உள. அதனைச் சூழ்ந்து சுழலும் குழல் ஒன்றிற் சாய்வாக வெட்டிய தவாளிப்புக்கள் உள. வில்லைத் தொகுதியின் விளிம்பிலே மூன்று சிறு உருளிகள் ஆணிகளாற் பொருத்தப்பட்டு, அவ்விரு தவாளிப்புக்களிலும் ஒருங்கே நுழைந்து நிற்கும். நாம் புறத்தேயுள்ள வளையத்தைத் திருகுங்கால், சாய்ந்த தவாளிப்பு உருளியைத் தள்ளும். நேரான தவாளிப்போ அதனைச் சுழலவிடாது முன்னும் பின்னும் மாத்திரமே செல்ல இசையும். சுழற்சி நேரியக்கமாகின்றது. கை வளையத்தைத் திருக, யானை நம்மை நோக்கி வருகின்றது.

இத்துணை நுண்ணிய அமைப்பிற்கு நம் ஊர்க் காற்றுப் பெரும் பகையாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ, மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடக் கிடப்பது கண்டி. கண்ணுக்கு இனிய அந்த ஈரமே கண்ணாடிக்குக் கொடியது. தோலுறையில் இட்டு அலுமாரியுட் பூட்டிவைத்த வில்லையில் வெண்ணூல் போலப் பூஞ்சணம் படரும். அதனை நாட்பட விட்டால், அது கசியும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பின்னர்த் துடைத்தாலும் வடு மறையாது. அரிசிப் பானையுட் புதைத்து வைத்தல் நன்றெனச் சிலர் கருதுவர். அரிசியின் தூசு உட்புகுமாதலின் அது நன்றன்று. காற்றுப் புகாத பெட்டியொன்றிற் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்து, உள்ளே ஈரப்பதன் 40 முதல் 50 வீதம் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வதே தக்க காப்பாகும். ஈரம் ஒருபுறமிருக்க, ஆண்டுக்கணக்காகத் திருகித் திருகி ஆணி தளர்தலும், உருளி தேய்தலும், மின்செய்தி கொண்டுசெல்லும் மெல்லிய நாடா மடிந்து மடிந்து அறுதலும் இவ்வில்லைகளுக்கு இயல்பாக வரும் நோய்களாம்.

நிற்க. சென்ற ஆண்டு எமது பாடசாலைத் தமிழ் மன்றத்தின் கமராவிற்கு இந்நோய்களுள் ஒன்று வந்துற்றது. பழைய மாணவர் ஒருவர் அன்போடு அளித்த கருவி அது. 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை செல்ல வேண்டிய வளையம் 35இல் வந்து இறுகி நின்றது. படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கியும் வீழ்ந்தது. கடையொன்றிற்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் அதனை இருமுறை திருகிப் பார்த்து, “சேர், இதைத் திருத்துற காசோட இன்னுங் கொஞ்சம் போட்டா புதுசே எடுக்கலாம்” என்றார். அவர் கூற்றில் வஞ்சனை இல்லை. வணிகக் கணக்கு அவ்வாறுதான் இருக்கின்றது. மன்றத்தின் உண்டியலோ அக்கணக்கிற்கு ஈடுகொடுக்கும் நிலையில் இல்லை. எறிந்துவிடுவதாயின் திறந்து பார்த்துவிட்டு எறிவோம் என்று முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தியும் மாணவன் ஒருவனும் என் வீட்டிற்கு வந்தனர். மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம்; தூசு பறவாதபடி மின்விசிறியை நிறுத்தினோம். முட்டைப் பெட்டியொன்றின் குழிகளுக்கு 1, 2, 3 என இலக்கமிட்டு, எந்தப் படியிற் கழற்றிய ஆணி எந்தக் குழியில் என வரையறுத்தோம். ஒவ்வோருறுப்பையும் கழற்றுமுன் கைபேசியாற் படமெடுத்தோம். திருப்புளியைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். யப்பானியக் கருவிகளிற் பெரும்பாலும் உள்ள சிலுவைத்தலை ஆணிக்கும், கடைகளில் நாம் வாங்கும் பொதுவான சிலுவைத் திருப்புளிக்கும் வடிவில் நுண்ணிய வேறுபாடு உண்டு. பொருந்தாத திருப்புளியால் முடுக்கினால் ஆணியின் தலை சிதைந்து, பின்னர் ஒருவராலுங் கழற்றவியலாததாகிவிடும். அவ்வாணிக்குரிய திருப்புளியும், பொற்கொல்லர் பயன்படுத்துவது போன்ற கூரிய சாவணமும், காற்றூதும் இறப்பர்க் குமிழும், வழுக்காது பற்றுதற்குப் பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பின் துண்டொன்றும் எம் ஆயுதங்களாயின.

கமராவோடு பொருந்தும் பின்வளையத்தைக் கழற்றியதும், அதன் அடியில் மூன்று மெல்லிய பித்தளைத் தகடுகள் காணப்பட்டன. தாள்போன்ற அவற்றிற்கு ஒரு தொழிலும் இருப்பதாகத் தோன்றவில்லை. “இது எதற்கு ஐயா?” என்று மாணவன் வினவினான். ‘வந்தனன்’ என்னுஞ் சொல்லைப் பிரித்துக் காட்டுமாறு கூறினேன். பகுதியும், சந்தியும், விகாரமும், இடைநிலையும் போக, ‘அன்’ சாரியை என்றும், இறுதி ‘அன்’ விகுதி என்றும் அவன் கூறினான். “சாரியைக்குப் பொருள் என்ன?” என்றேன். “தனக்கெனப் பொருள் இல்லை, இயைபிற்காக வருவது” என்றான். அத்தகடுகளும் அத்தன்மையனவே. வில்லைக்கும் கமராவிற்கும் இடையிலுள்ள தூரம் மயிரிழையளவு பிழைத்தாலும் தொலைவிலுள்ள மலை தெளிவுறாது. தொழிற்சாலையில் அவ்விழையளவைச் சரிசெய்தற்கென்று இட்டவை அத்தகடுகள். வேண்டாதவையென ஒன்றை விட்டாலும், இடம் மாற்றி வைத்தாலும், வில்லை இயங்கும். ஆயினும் பார்வை பழுதாகும். சாரியையை வீணென்று நினைப்பவன் சொல்லைக் கெடுப்பான். தகட்டை வீணென்று நினைப்பவன் வில்லையைக் கெடுப்பான்.

அடுத்து மின்னாடாவின் பூட்டினை நகநுனியால் உயர்த்தி நாடாவை விடுவித்தோம், சுற்றுப்பலகையை எடுத்தோம், வளையத்தின் இறப்பர்ப் பட்டையை உரித்து அதன்கீழ் மறைந்திருந்த ஆணிகளைக் கழற்றினோம். குழல்கள் பிரிந்ததும் மாணவி விளக்கொளியில் உற்றுநோக்கி, உருளி மூன்றனுள் ஒன்று சாய்ந்து நிற்றலைக் கண்டாள். அதன் ஆணி பாதி வெளிப்போந்து தவாளிப்பின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. வளையம் இறுகியதும், படத்தின் ஒருபக்கம் மங்கியதும் ஒரே காரணத்தால் எழுந்தவை. நெல்மணியினும் சிறிய ஆணியொன்று, அதுவும் உடையாமல் தளர்ந்தது மாத்திரமே, முழுக் கருவியையும் குப்பைக்கு அனுப்ப இருந்தது! ஆணியைத் துடைத்து முடுக்கி, மீண்டுந் தளராதபடி அதன் தலையோரத்தில் ஊசிமுனையளவு நகப்பூச்சு இட்டோம். மருத்துவம் அவ்வளவே.

பிரித்தற்கு ஒரு மணி நேரமாயிற்று. சேர்த்தற்கு மூன்று மணி நேரமாயிற்று. இது நினைவிற் கொள்ளத்தக்கது. பிரித்தல் எளிது, பிரித்த முறைக்கு நேர் எதிர்முறையாகச் சேர்த்தலே கல்வி. வில்லைக் குழல்கள் சிலவற்றில் மரைக்குப் பல தொடக்கங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் குழல் நுழையும், ஒன்றே சரியானது. ஆதலின் குழல் விடுபடும் அவ்விடத்திலேயே இரு பக்கமும் அடையாளக் கோடு இட்டுக்கொள்ளல் வேண்டும். சேர்த்து முடித்தபின் சோதனையும் வேண்டும். எம் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும் பகிரவகந்தைப் புத்தர் சிலையை நோக்கி, குறுகிய குவியத்தூரத்திலும் நீண்டதிலும் படமெடுத்துத் தொலைப்பார்வையைச் சோதித்தோம். செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்துக்கள் ஒத்த தெளிவோடு வீழ்கின்றனவா எனப் பார்த்தோம். வீழ்ந்தன. அவ்வாண்டின் தமிழ்த்தின விழாப் படங்கள் யாவும் அவ்வில்லையாலேயே எடுக்கப்பட்டன. அடுத்த கிழமை அம்மாணவி தன் வீட்டிலே ஓடாது கிடந்த தையல் இயந்திரத்தைத் திறந்து துடைத்து எண்ணெயிட்டு ஓடச் செய்தாள் எனக் கேள்வியுற்றபோது, வில்லை திருந்தியதினும் பெரிதாக மகிழ்ந்தேன்.

இவ்வாறு கூறுவதால் எல்லாரும் எல்லாவற்றையும் திறக்குக என யான் சொல்வதாகக் கொள்ளற்க. இலக்கணத்திற் பகாப்பதம் என ஒன்று உண்டு. அதனைப் பிரிக்கப் புகுவது அறியாமை. கருவிகளிலும் அத்தகையன உள. மின்னொளி விளக்கோடு கூடிய சிறு கமராக்களின் உள்ளே அவ்விளக்கிற்கு மின்னைத் தேக்கி வைக்கும் கொள்ளளவி இருக்கும். கமராவை நிறுத்தியபின்னும் அதில் ஏறக்குறைய 300 உவோல்ற்று எஞ்சியிருத்தல் கூடும். அறியாதார் அதனைத் திறத்தல் உயிருக்கு ஊறு. கமராவினின்றும் கழற்றி எடுக்கத்தக்க தனி வில்லையில் அவ்வச்சம் இல்லை. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் நுண்கருவி பொருந்திய தொகுதியையும், தொழிற்சாலையிற் பசையிட்டு ஒட்டிய வில்லைக் கூட்டத்தையும் தொடாதிருத்தல் நன்று. உத்தரவாதக் காலம் முடியாததையும் பிறர் பொருளையும் திறவாமை நேர்மை. எவ்விடத்தில் நிறுத்துவது என்று அறிதலும் இவ்வறிவின் ஒரு கூறேயாம்.

இதற்கு மறுப்பு மூன்று கூறப்படலாம். அவரவர் தொழிலை அவரவர்க்கு விடுதலே முறை என்பது முதலாவது. நன்று, தேர்ந்த தொழிலாளி உள்ள இடத்தில் அவரிடங் கொடுப்பதே சிறப்பு, அவர் கூலிக்குப் பேரம் பேசாதிருத்தல் அதனினும் சிறப்பு. ஆனால், உறுப்பு மாற்றுவோர் பலராகவும் உறுப்பைத் திருத்துவோர் சிலராகவும் உள்ள காலம் இது. பொருளின் உள்ளமைப்பைத் தானும் ஓரளவு அறிந்தவனே நல்ல தொழிலாளியை இனங்கண்டு மதிப்பான்.

கைபேசி வந்தபின் கமரா எதற்கு என்பது இரண்டாவது. உலகக் கமரா உற்பத்தி அருகியது உண்மையே. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, 2010ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட எண்முறைக் கமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2022ஆம் ஆண்டில் அத்தொகை ஏறக்குறைய 80 இலட்சமாகச் சுருங்கியது. இது என் கூற்றிற்கு வலியே சேர்க்கின்றது. புதியன குறையக் குறைய, முன்னர் விற்ற கோடிக்கணக்கானவை உலகெங்கும் அலுமாரிகளில் உறங்குகின்றன. அவற்றுட் பல, ஓராணி தளர்ந்தமையால் உறங்குவனவாதல் கூடும். இனி, கைபேசிக்கு மாத்திரம் பழுது வாராதோ?

பழுதானதைக் கெடுத்துவிடுவோமே என்னும் அச்சம் மூன்றாவது. எறிவதற்கென்று வைத்த பொருளிற் கற்பதால் இழப்பு யாதுமில்லை. கல்விக்கு இத்துணை மலிவான பாடநூல் வேறு கிடையாது.

இது வீட்டுச் சிக்கனத்தோடு முடியும் பொருளன்று. நம் நாட்டின் அண்மைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவை அண்மித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் எட்டாக்கனியாயிற்று. அன்று பழைய மின்விசிறியையும் பழைய துவிச்சக்கரவண்டியையும் திருத்தத் தெரிந்தவர் வீட்டிலே இருளும் நடையும் குறைந்தன. அதற்கு முன்னரும் நம்மவர் இப்பாடத்தைப் படித்திருக்கின்றனர். 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தின்மீது பொருட்டடை இருந்த காலத்தில் மின்சாரம் இல்லை, மின்கலத்திற்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். துளி பெற்றோலால் உந்துருளியைத் தொடக்கி மண்ணெண்ணெயால் ஓட்டினர். வெறும் போத்தலிற் பஞ்சிட்டு விளக்காக்கினர். அவ்வறிவு எப்பல்கலைக்கழகமும் வழங்கியதன்று. பொருளைத் திறந்து பார்க்க அஞ்சாத கைகள் வழங்கியது. முடை தீர்ந்ததும் அக்கைகளை நாம் மறந்துவிட்டோம். முடை மீளாது என்று உறுதி கூறுவார் யார்?

கண்டி மண்ணைப் பொறுத்தவரை இக்கவலை நூறாண்டிற்கு முன்னரே எழுந்தது. நம்மவரான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். பாறைகளைத் தேடிச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். பித்தளை வார்ப்போரையும், அரக்கு வேலை செய்வோரையும், தச்சரையும், பொற்கொல்லரையும் கண்டியைச் சூழ்ந்த ஊர்களிற் கண்டறிந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கான ஒளிப்படங்களை அவர் துணைவியார் எதெல் எடுத்துதவினார். இயந்திரச் சரக்கு வந்து குவிய, கைவினையும் அதனோடு கூடிய அறிவும் அழிகின்றன என்பதே அவர் உள்ளத்தை வருத்திய செய்தி. அன்று பொருள் செய்யும் அறிவு அருகிற்று. இன்று செய்த பொருளைத் திறக்கும் அறிவும் அருகுகின்றது. வாங்குதல் ஒன்றே நமக்கு எஞ்சிய திறமையாகிவிடுமாயின், விற்பவன் வைத்த விலையும் விதித்த ஆயுளுமே நம் விதியாகும்.

இதனைப் பிற நாடுகள் உணர்ந்துவிட்டன. பிரான்சில் 2021ஆம் ஆண்டில், கைபேசி, மடிக்கணினி முதலிய சில பொருள்களை விற்போர், அவை எவ்வளவு எளிதிற் பழுதுபார்க்கத்தக்கவை என்பதற்குப் பத்திற்கு இத்தனை புள்ளி எனக் காட்டல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு யூலை மாதம், பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறையை வகுக்க நுகர்வோர் விவகாரத் திணைக்களம் குழுவொன்றை அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இவ்வுரிமை பற்றிய கட்டளையொன்றை நிறைவேற்றியது. கமரா வில்லை இச்சட்டங்களின் எல்லைக்குள் இன்னும் முழுமையாக வரவில்லையாயினும், வழி திறந்துவிட்டது. ஆணிக்குப் பதிலாகப் பசையிட்டு ஒட்டுதலும், உதிரி உறுப்பை விற்க மறுத்தலும், பழுதுபார்க்கும் கையேட்டை மறைத்தலும் உற்பத்தியாளரின் இயல்புரிமை அல்ல என்று நாமுஞ் சொல்லுதல் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திராது நாம் செய்யத்தக்கவையும் உள. பாடசாலை தோறும் விஞ்ஞான கூடத்தின் ஒரு மூலையில், பழுதான கடிகாரம், வானொலி, வில்லை முதலியவற்றை வைத்து, ஆசிரியர் மேற்பார்வையிற் கிழமைக்கு ஒரு பாடவேளை பிரித்துச் சேர்க்கப் பழக்கலாம். மின்னிணைப்பும் மின்தேக்கமும் இல்லாதவற்றிலிருந்து தொடங்கலாம். அதனை ஆண்பிள்ளைகளுக்கென ஒதுக்காது, பெண்பிள்ளைகளுக்கும் சமமாக அளித்தல் வேண்டும். நுண்ணிய வேலைக்கு வேண்டியது பொறுமையும் கண்ணுமேயன்றி வேறன்று. குவியத்தூரமும் தவாளிப்பும் வெறுஞ் சொற்களாக வினாத்தாளிலே கிடவாமல், கையிற் படும் பொருள்களாகும்.

தமிழாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. வில்லை, மரை, தவாளிப்பு, சாவணம், திருப்புளி முதலாகத் தொழிலாளர் நாவில் வழங்குவனவும் பாடநூலில் வழங்குவனவுமாக எத்தனையோ நல்ல சொற்கள் நம்மிடம் உள. அவற்றைத் திரட்டி, ஒரு பொருளை எவ்வாறு திறப்பது, எவ்வாறு திருத்துவது, எவ்வாறு மூடுவது என்று தெளிந்த தமிழில் எழுதும் சிறு நூல்கள் வேண்டும். சங்க நூலுக்கு உரை எழுதும் மொழி, தையல் இயந்திரத்திற்கு உரை எழுத நாணுவது ஏன்? சொல்லைத் திறந்து காட்டும் உரையாசிரியரைப் போலப் பொருளைத் திறந்து காட்டும் உரையாசிரியரும் நமக்கு இன்று வேண்டும். எழுத வல்லாரும் தொழில் வல்லாரும் ஒரு மேசையில் இருந்தால் அஃது அரிய செயலன்று.

பிள்ளையொன்று விளையாட்டுக் கருவியைப் பிரித்துப் பார்க்குமாயின், “உடைக்கிறாயே” என்று நாம் அதட்டுகின்றோம். இனி அவ்வாறு அதட்டாது, அருகிலிருந்து, ஆணிகளை வைக்க ஒரு முட்டைப் பெட்டியையும், வரைந்துகொள்ள ஒரு தாளையும் கொடுப்போமாக. பிரித்தலை அது தானே கற்றுக்கொள்ளும். சேர்த்தலை நாமே கற்பித்தல் வேண்டும்.